உடன் வந்தவர்

தலைவலி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்கா காலை ஏழரைக்கே வந்து நின்றேன்? வீட்டில் இந்திராணியிடம், கலெக்டர் ஆபீஸில் மீட்டிங், வெள்ளென போகணும் என்று ஒரு பொய். ஆஸ்பத்திரி கேட்டுக்கு எதிரே ஒரு டீயை வாங்கிக் குடிக்காமல் ஆறவிட்டு, நிறைந்த கிளாஸை அப்படியே திருப்பி வைத்ததற்கு டீக்கடைக்காரரிடம் ஒரு முறைப்பு வாங்கியாகிவிட்டது. பிறகு சீட்டு வாங்குகிற இந்த வரிசை. எனக்கு முன்னால் ஐம்பது பேராவது இருந்தார்கள். ஓர் அடி நகர்வதும் நிற்பதுமாக, நகர்கிற ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். இருபத்துநாலாம் நம்பர் ரூமுக்கு ஒரு சீட்டு குடுங்கம்மா. ஆறே வார்த்தை. மனநலம் என்று சொல்ல வேண்டாம், பைத்தியக்கார டாக்டர் என்று சொல்ல வேண்டாம், நம்பரைச் சொன்னால் போதும். எனக்கு அந்த நம்பர் நன்றாகத் தெரியும். தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில், மனு வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். உதவித்தொகை கேட்டு வருகிறவர்களில், அரசு ஆஸ்பத்திரி இருபத்துநாலாம் நம்பர் ரூமுக்குப் போய்ச் சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க என்று எத்தனை பேரை விரட்டியிருப்பேன். அங்கே என்னதான் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அங்கே செவ்வாய்க்கிழமை மட்டும்தான் டாக்டர் வருவார், அதுவும் பன்னிரண்டு மணி வரைதான் என்பது மட்டும் தெரியும். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. இன்றைக்கு விட்டால் அடுத்த செவ்வாய். அடுத்த செவ்வாய் வரைக்கும் என்னை என்னிடமே விட்டுவைக்க எனக்குத் தைரியம் இல்லை. இதைத்தான் சொல்ல வந்தேன். ஜன்னல் ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கிறது, குனிந்தால்தான் குரல் உள்ளே போகும். என் ஜன்னலும் அப்படித்தான். குனிந்தேன். "பேரு?" சோலைமலை. "வயசு?" நாற்பத்தொன்பது. "என்ன செய்யுது?" அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பின்னங்கழுத்தில் ஒரு புகையிலை வாசம். "சார்! நம்ம தபால் சார்தான! என்ன சார் இங்கிட்டு?" வீரணன். தாலுகா ஆபீஸ் வாசலில் வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு மனு எழுதிக் கொடுக்கிற வீரணன். அவர் காதில் விழுந்ததும் ஊர் காதில் விழுந்ததும் ஒன்று. "என்ன செய்யுதுன்னு கேக்குறேன்ல, சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆளு நிக்குது." தலைவலி, என்றேன். மிஷின் கிர்ரென்று சீட்டைத் துப்பியது. பொது மருத்துவம், அறை எண் ஆறு. அவ்வளவுதான், முடிந்தது.

ஆறாம் நம்பர் அறைக்கு வெளியே பெஞ்சில் இடமில்லை, சுவரில் சாய்ந்து நிற்கிறேன். சுவரெல்லாம் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து கறுப்பாகிக் கிடக்கிறது. திரும்பப் போய் வேறு சீட்டுக் கேட்கலாம். கேட்கலாம்தான், ஆனால் அந்த வரிசை இப்போது கேட் வரைக்கும் நீண்டுவிட்டது, வீரணன் வேறு சுகர் மாத்திரைக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு இதே வராண்டாவில்தான் எங்கேயோ நிற்கிறார். நான் என்ன அவருக்குப் பயந்தவனா? அவர் எழுதிக் கொடுக்கிற மனுவைத் தூக்கி எத்தனை தடவை வெளியே எறிந்திருக்கிறேன். தேதி எங்கய்யா, தேதி இல்லாத மனு மனுவே இல்லை, போய்யா, போய்ப் போட்டுக் கொண்டு வா. அவர் சிரித்துக்கொண்டே பொறுக்கிக்கொண்டு போவார். அந்தச் சிரிப்புக்குத்தான் பயம். தபால் சாருக்கு மறை கழண்டுருச்சாம்ல என்று வேப்பமரத்தடியில் நாளைக்கு அந்தச் சிரிப்புதான் சொல்லும். சொல்லட்டுமே. செத்துப்போனால் மட்டும் சொல்ல மாட்டார்களா? இதோ, இந்த வார்த்தை இப்படித்தான் வருகிறது, கதவைத் தட்டாமல் வருகிறது. மூன்று மாதமாக வருகிறது. முதலில் தூக்கம் போனது. பிறகு சாப்பாடு மண்ணாகப் போனது. இந்திராணி வைத்த கருவாட்டுக் குழம்பு, அதற்காக நான் ஊரையே விற்றுவிடுவேன் என்று கேலி பேசுவாள், அதைத் தொட்டு வாயில் வைத்தால் வெந்நீர் குடித்த மாதிரி இருக்கிறது. காரணம் என்ன என்றால் காரணம் கிடையாது. கடன் கிடையாது, மகள் பவித்ரா கோயம்புத்தூர் ஹாஸ்டலில் நன்றாகப் படிக்கிறாள், இந்திராணி குணம் தங்கம், எனக்கு ஒரு வியாதியும் கிடையாது. உனக்கு என்னடா குறைச்சல் என்று நானே என்னை நூறு தடவை கேட்டாகிவிட்டது. குறை ஒன்றும் இல்லாதவன் எங்கே போய் மனுக் கொடுப்பது? "சார், தலவலிக்குச் சுக்க இழைச்சுப் பத்துப் போடுங்க." வீரணன்தான், பக்கத்திலேயே வந்து நிற்கிறார். "இங்கிலீஷ் மருந்தே வேணாம். எங்க வீட்டம்மாவுக்கு ஒத்தத் தலவலி, பத்து வருசம் சார், சுக்குலதான் போச்சு." சரி, என்றேன். "வெயில்ல அலையாதீங்க." சரி. "ஒரு மாதிரியா இருக்கீங்களே சார்." வெயில், என்றேன். காலை ஒன்பது மணிக்கு வராண்டா நிழலில் நின்றுகொண்டு என்ன வெயில்? அவர் போய்விட்டார். ஒரு மாதிரியா இருக்கீங்களே என்று மூன்று மாதத்தில் ஒருவரும் கேட்டதில்லை, கேட்ட ஒருவரையும் வெயில் என்று சொல்லித் தள்ளிவிட்டேன்.

நேற்று மதியம் நடந்ததைத் திரும்ப நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். நினைக்கக் கூடாது என்று வைத்தால் அதுதான் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சாப்பாட்டு நேரம், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டார்கள், நான் ஆபீஸ் மொட்டைமாடிக்குப் போய் நின்றேன். காற்றுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அங்கே நின்றபோது பயமே இல்லை, அதுதான் பயம். உள்ளே ஒரு குரல், என் ஆபீஸ் குரலேதான், பைலில் குறிப்பு எழுதுகிற மாதிரி நிதானமாகச் சொன்னது: மேற்படி நபரால் எவருக்கும் பயன் ஏதும் இல்லை, முடித்துவைக்கலாம். எனக்கும் சரியாகத்தான் பட்டது. அப்போது திடீரென்று, தபால் பதிவேட்டில் நானூற்றுப் பன்னிரண்டுக்கு அப்புறம் வந்த மனுவுக்கு நம்பர் போடாமல் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. நம்பர் விட்டுப்போனால் அதற்கப்புறம் எல்லா நம்பரும் தப்பாகிவிடும். இறங்கிப் போனேன். நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதினேன், சீல் அடித்தேன். மனுஷனைக் காப்பாற்றியது பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, ஒரு வரிசை எண். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். நானே சிரித்தேன், சிரித்துவிட்டு அழுதேன், மனுக் கொடுக்க வந்த ஒரு கிழவர் ஐயாவுக்குத் தூசி விழுந்துருச்சு போல என்றார்.

ஆறாம் நம்பர் டாக்டர் சின்னப் பெண், பவித்ராவை விட நாலு வயசு கூட இருக்கலாம். மேஜையைச் சுற்றி ஏழு பேர் ஏழு சீட்டை அவள் மூக்குக்கு நேராக நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். என் முழங்கை ஒரு அம்மாள் வயிற்றில், என் முதுகில் யாரோ ஒருவருடைய குழந்தை. "தலவலி எவ்வளவு நாளா?" மூன்று மாசம். "வாந்தி இருக்கா?" இல்லை. "தூக்கம்?" கேட்டுவிட்டாள். கேட்டேவிட்டாள்! இல்லை டாக்டர், தூக்கம் இல்லை, அதுமட்டும் இல்லை டாக்டர் என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வயிற்றில் என் முழங்கையை வாங்கிக்கொண்டிருந்த அம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அடுத்தவன் வியாதியைக் கேட்பதில் நம் ஜனங்களுக்கு அப்படி ஒரு ருசி. "ஏதோ தூங்குறேன்," என்றேன். ஏதோ! "பிரஷர் நார்மல். கண்ணாடி மாத்தி எத்தன வருசம் ஆச்சு? கண்ண ஒருக்கா காட்டிருங்க, பதினொண்ணாம் நம்பர்." சீட்டில் ஏதோ கிறுக்கினாள், அடுத்த சீட்டு அவள் மூக்குக்கு வந்துவிட்டது. நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். அவள்மேல் கோபம் வருகிறது, அவளுக்கு என்ன தெரியும், என்மேல்தான் கோபம் வர வேண்டும், அது வந்து வந்து தேய்ந்துவிட்டது. பதினொன்றாம் நம்பருக்குப் போனேன். போகாமல் விட்டிருக்கலாம், ஆனால் சீட்டில் எழுதியிருந்தால் போக வேண்டும், நான் அப்படித்தான் வளர்ந்தவன், அப்படித்தான் ஊரையும் அலைய வைத்தவன். அங்கே ஒரு மணி நேரம். ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எதிர்ச்சுவர் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். ட, ப, ம. அடுத்த வரி. க, ந, வ. யாராவது இதைப் படி, அதைப் படி என்று சொன்னால் நன்றாகப் படித்துவிடுகிறேன், அதில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது வரியில் எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, நிறுத்த முடியவில்லை, மூடின கண்ணிலிருந்தும் கொட்டுகிறது. பரிசோதிக்கிற தம்பி, "கண்ணுல இப்பிடித்தான் தண்ணி வருமா சார்?" என்றார். ஆமாம். "எப்ப எப்ப வரும்?" எப்பவும், தம்பி. "சொட்டு மருந்து எழுதுறேன், காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு." மனுஷன் அழுகிறான் அய்யா என்று கத்த வேண்டும் போல இருந்தது. நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இருபத்துநாலாம் நம்பர் ரூம் பின்கட்டில், சவரிமுத்து கேண்டீனைத் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு வழி தெரியும், எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மணி பதினொன்று இருபது. வாசலில் ஸ்டூல் போட்டு, ஊதாப் புடவையில் பணியாளர் அம்மா ஒருவர், செல்லத்தாய் என்று பேட்ஜில் இருக்கிறது. சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தலவலிச் சீட்டுல? கண்ணுக்குல்ல எழுதியிருக்கு? இங்கிட்டு எதுக்கு வந்தீங்க?" டாக்டரைப் பார்க்கணும். "பார்க்கணும்னா வேற சீட்டுப் போடணும்யா. மொத ஜன்னலுக்குப் போங்க." போகிறேன் என்று திரும்பினால், "அது பதினோரு மணிக்கே அடைச்சிருவாகளே," என்கிறார் முதுகுக்குப் பின்னால். "அடுத்த செவ்வா வாங்க. ஆமா, கூட யாரு வந்துருக்கா? கூட ஆளு இல்லாம இங்க பாக்க மாட்டாக. உடன் வந்தவருன்னு நோட்டுல கையெழுத்துப் போடணும்." யாரும் வரவில்லை. "அப்ப அடுத்த செவ்வா ஆளோட வாங்க." அப்படியே என் குரல். ஒரு எழுத்துக் கூட மாறவில்லை. அடுத்த வாரம் வாங்க, ஆளோட வாங்க, ஜெராக்ஸோட வாங்க. மாரக்காள் என்று ஒருத்தி, விதவை உதவித்தொகைக்கு ஏழு தடவை வந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறையும். ஏழாவது தடவை எல்லாம் சரியாக இருந்தது, நான் மனுவை வாங்கிக்கொண்டு, வச்சுட்டுப் போங்க பார்க்கலாம் என்றேன். அவள் போகாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னம்மா, என்றேன். ஒண்ணும் இல்லய்யா, என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. ஒண்ணும் இல்லை என்று சொல்கிறவர்களுக்கு என்ன இருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் நான் கேட்கவில்லை. நான் இப்போது இந்தக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "என்னய்யா?" என்கிறார் செல்லத்தாய். ஒண்ணும் இல்லம்மா.

பெஞ்சில் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போகலாம். போய் என்ன செய்வது, வீட்டிலும் மொட்டைமாடி இருக்கிறது. அந்த ஆபீஸ் குரல் மறுபடி ஆரம்பிக்கிறது, மேற்படி நபர், மேற்படி நபர். எரிச்சலாக வருகிறது. நீ என்னடா எனக்கு மேலதிகாரி? வாயால் சொல்ல எனக்கு வரவில்லை, வராது, நாற்பத்தொன்பது வருஷமாக வராதது இன்னும் அரை மணியில் வந்துவிடவா போகிறது. எனக்கு வருவது ஒன்றே ஒன்றுதான். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். பையில் இந்திராணி மடித்து வைத்த மளிகைச் சீட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. தொடையில் வைத்து எழுத ஆரம்பித்தேன்.

அனுப்புநர்: கோ. சோலைமலை, உதவியாளர், தபால் பிரிவு, தாலுகா அலுவலகம். பெறுநர்: உயர்திரு மருத்துவர் அவர்கள், அறை எண் 24, அரசு மருத்துவமனை. ஐயா, பொருள்: உயிரோடு இருக்க உதவி வேண்டுதல் – தொடர்பாக. நான் கடந்த மூன்று மாதங்களாகத் தூங்கவில்லை. சாப்பாடு ருசிக்கவில்லை. காரணம் கேட்டால் தெரிவிக்க இயலாத நிலையில் உள்ளேன். நேற்று மதியம் சுமார் 1.30 மணியளவில் அலுவலக மொட்டைமாடியில், திரும்பி வரும் எண்ணம் இல்லாமல் நின்றேன். பதிவேட்டில் ஓர் எண் விடுபட்டது நினைவுக்கு வந்ததால் இறங்கி வந்தேன். அடுத்த முறை அப்படி ஏதும் நினைவுக்கு வரும் என்று உறுதி கூற முடியாது. சீட்டில் தலைவலி என்று உள்ளது நான் சொன்ன பொய். எனக்கு உடன் வந்தவர் எவரும் இல்லை. ஆகவே, அடுத்த செவ்வாய்க்கிழமை வரை தள்ளிவைக்காமல் இன்றே என்னைப் பார்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மணி பதினொன்று நாற்பத்தைந்து. எழுந்து, செல்லத்தாய் ஏய் ஏய் என்று எழுந்திருப்பதற்குள் கதவைத் தள்ளி உள்ளே போய், மேஜையில் இருந்த சிஸ்டர் முன்னால் காகிதத்தை வைத்தேன். வரிசையை மீறியது பிறந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. நரை விழுந்த சிஸ்டர், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு, முதலில் மளிகைப் பக்கத்தைப் பார்த்தார், துவரம்பருப்பு, கடுகு, அப்புறம் திருப்பினார். உதடு அசைய அசையப் படித்தார். எனக்கு அடுத்த வார்த்தை தெரியும். வச்சுட்டுப் போங்க, பார்க்கலாம். அதைக் கேட்பதற்குத் தோதாக நான் ஒரு கால் பின்னால் எடுத்துவைத்துவிட்டேன். சிஸ்டர் எழுந்து மேஜையைச் சுற்றி வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். "போயிராதீங்க சார். இங்கனயே உக்காருங்க." தன் நாற்காலியையே இழுத்துப் போட்டார். உள்ளறைக்குப் போய்க் காகிதத்தைக் காட்டிவிட்டு வந்தார். "இப்ப உள்ள இருக்கவுக வெளிய வந்ததும் நீங்கதான். மணி பன்னெண்டானாலும் சரி, ஒண்ணானாலும் சரி, பாத்துட்டுத்தான் டாக்டர் எந்திரிப்பாரு. வீட்டம்மா நம்பர் சொல்லுங்க." சொன்னேன். அவரே பேசினார். இந்திராணியின் குரல் போனுக்குள்ளிருந்து எனக்கே கேட்டது, மீட்டிங்னு சொன்னாரே, மீட்டிங்னு சொன்னாரே என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவுக வர ஒரு மணி நேரமாகுமாம். அதுவரைக்கும் கூட இருக்க யாராச்சும் வேணும் சார். நோட்டுக்காக இல்ல, உங்களத் தனியா விடக் கூடாதுன்னுதான். ஆஸ்பத்திரிக்குள்ள தெரிஞ்சவுக யாரும் உண்டா?"

யாரும் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். காலையிலிருந்து இந்த வாய் பொய்யைத் தவிர வேறெதற்கும் திறக்கவில்லை. "வீரணன்னு ஒருத்தரு," என்றேன். "மாத்திரை வாங்குற வரிசையில நிப்பாரு. புகையிலை போட்டிருப்பாரு." செல்லத்தாய் போய்க் கூட்டி வந்தார். சுகர் மாத்திரைக் கவரும் கையுமாக வீரணன் உள்ளே வந்து, அறை நம்பரைப் பார்த்து, என்னைப் பார்த்து, மேஜைமேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். மனு எழுதுகிறவர் கண், தலைகீழாகக் கிடந்தாலும் படித்துவிடும். கையால் மறைக்கலாமா என்று ஒரு நொடி தோன்றியது. மறைக்கவில்லை. அவர் கடைசி வரி வரைக்கும் படித்தார். சிரிக்கவில்லை. வாயிலிருந்த புகையிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். சிஸ்டர் நோட்டை நீட்ட, உடன் வந்தவர் என்ற கட்டத்தில் பெ. வீரணன் என்று நிறுத்தி எழுதினார், உறவு என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்து, தெரிந்தவர் என்று போட்டார். பிறகு என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பேனாவை என் பக்கம் நீட்டினார். "தேதி போடலயே சார்," என்றார். "தேதி இல்லாத மனு மனுவே இல்லன்னு நீங்கதான சொல்லுவீங்க." காகிதத்தை இழுத்துவைத்து, கீழே இடது பக்கம் தேதியை எழுதினேன், இன்றைய தேதி. உள்ளேயிருந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள்.